ஹன்னா ஓபெர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக் வரும்போதெல்லாம் பயத்லான் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்து சேரும். சுவீடனின் ஹன்னா ஓபெர்க்கைப் பற்றி நான் நிறையப் பேசுவதால், பாதிக் கேள்விகள் அவரைச் சுற்றியே இருக்கும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். 2025 மார்ச்சில் முடிந்த பருவம் வரைக்குமான பதில்கள் இவை.

ஹன்னா ஓபெர்க் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுவீடனைச் சேர்ந்த பயத்லான் வீராங்கனை. 1995 நவம்பர் 2 அன்று பிறந்தவர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில் தங்கம் வாங்கினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் ரிலேயில் இன்னொரு தங்கம். இடையிலும் பிறகுமாக உலகச் சாம்பியன்ஷிப்பில் தனியாக மூன்று தங்கம்: 2019இல் ஒன்று, 2023இல் இரண்டு. இவருடைய தங்கை எல்விராவும் இதே விளையாட்டில் முன்னணியில் இருப்பவர்.

பயத்லான் என்றால் என்ன? சறுக்கிக்கொண்டே சுடுவார்களா?

இல்லை, சறுக்கும்போது யாரும் சுடுவதில்லை. முதுகில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி வருவார்கள். சுடுதளத்துக்கு வந்ததும் நின்று, துப்பாக்கியைக் கழற்றி, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளில் சுட வேண்டும். முடிந்ததும் துப்பாக்கியை மறுபடி முதுகில் போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்ப வேண்டும். போட்டியைப் பொறுத்து இப்படி இரண்டு தடவையோ நான்கு தடவையோ சுடுவார்கள்.

சில சுற்றுகளில் படுத்துச் சுட வேண்டும், சிலவற்றில் நின்று. படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு எலுமிச்சம்பழம் அளவு. நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். பெரிதாக இருந்தாலும் நின்று சுடுவதுதான் பலருக்கும் கஷ்டம். களைத்துப்போன கால்கள்தான் அப்போது துப்பாக்கியைத் தாங்கியாக வேண்டும்.

தனிநபர், ஸ்பிரின்ட், பர்சூட், மாஸ் ஸ்டார்ட் என்று ஏகப்பட்டது இருக்கிறதே. எது எது?

பெண்களுக்கான தூரங்களைச் சொல்கிறேன். தனிநபர் போட்டி 15 கிலோமீட்டர். அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். படுத்து, நின்று, படுத்து, நின்று என்று நான்கு தடவை சுட வேண்டும். ஸ்பிரின்ட் 7.5 கிலோமீட்டர், இரண்டு தடவை சுடுதல். பர்சூட் 10 கிலோமீட்டர். ஸ்பிரின்ட்டில் யார் எத்தனை நொடி பின்தங்கினாரோ அதே இடைவெளியில் இங்கே கிளம்புவார்கள், முதலில் கோட்டைத் தாண்டுபவர் வெற்றியாளர். மாஸ் ஸ்டார்ட் 12.5 கிலோமீட்டர், 30 பேர் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். அப்புறம் ரிலே வகைகள்.

ஹன்னாவைப் புரிந்துகொள்ள இவற்றில் ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும். மற்ற போட்டிகளில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று கூடுதலாகச் சறுக்க வேண்டும். நல்ல வேகக்காரருக்கு அதில் 25 நொடி போகும், அவ்வளவுதான். தனிநபர் போட்டியில் தண்டனைச் சுற்று கிடையாது. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் முழுதாக ஒரு நிமிடம் நேரத்தில் கூட்டிவிடுவார்கள். அதாவது அதே தவறுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை. இந்த விஷயம் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

அது நிஜத் துப்பாக்கியா? எவ்வளவு கனம்?

நிஜத் துப்பாக்கிதான். 0.22 அங்குலக் குண்டு, குறைந்தபட்சம் மூன்றரைக் கிலோ எடை. தானாக அடுத்த குண்டு ஏறாது. ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்ற வேண்டும். பெண்களும் ஆண்களும் அதே எடை வரம்பில்தான் சுமக்கிறார்கள். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன், ஏனென்றால் உடல் எடை குறைவான ஒருவருக்கு ஏற்றத்தில் அந்த மூன்றரைக் கிலோ சாதாரண விஷயம் இல்லை.

மூச்சிரைக்க வந்து எப்படிச் சுட முடிகிறது? கை நடுங்காதா?

நடுங்கும். போட்டியின் நடுவில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 170, 180 என்று இருக்கும். சுடுதளத்தை நெருங்கும்போது கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள், ஆனால் துடிப்பு முழுதாக இறங்கும் வரை காத்திருக்க நேரம் கிடையாது. துடிக்கும் நெஞ்சோடு சுடுவதற்குத்தான் பயிற்சி. மூச்சை வெளியே விட்டு, ஒரு கணம் நிறுத்தி, விசையை அழுத்துவார்கள். மறுபடி மூச்சு, மறுபடி குண்டு ஏற்றம், மறுபடி அழுத்தம். அந்த விசைக்கு அரைக் கிலோ அழுத்தமாவது தேவைப்பட வேண்டும் என்பது விதி. குளிரில் விறைத்த விரல் அதைச் சரியான கணத்தில் அழுத்த வேண்டும்.

காற்று இன்னொரு தொல்லை. சுடுதளத்தில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருப்பார்கள். போட்டிக்கு முன்னால் அன்றைய காற்றுக்கு ஏற்பத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்து வைப்பார்கள். நடுவில் காற்று மாறினால், குறியைத் திருத்துவதா, கொஞ்சம் காத்திருப்பதா, அப்படியே சுடுவதா என்று வீராங்கனையே அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

எந்த ஊர்க்காரர்?

பிறந்தது கிருனாவில். சுவீடனின் வடகோடியில் இரும்புத்தாது வெட்டியெடுக்கும் ஊர் அது. வளர்ந்தது பீத்தியோவில்; அதுவும் வடக்குதான், ஆனால் கடலோரம். பெரியவரானதும் பயிற்சிக்காக ஓஸ்டர்சுண்ட் போனார். சுவீடன் பயத்லானின் தலைநகரம் என்று அந்த ஊரைத் தயங்காமல் சொல்லலாம்.

2018 ஒலிம்பிக்கில் என்னதான் நடந்தது? எல்லோரும் அதையே பேசுகிறார்கள்.

பேசத்தான் வேண்டும். அந்தத் தனிநபர் போட்டி முதலில் பிப்ரவரி 14 அன்று நடப்பதாக இருந்தது. பலத்த காற்று காரணமாக மறுநாளுக்குத் தள்ளினார்கள். ஹன்னாவுக்கு அப்போது 22 வயது. அதுவரை உலகக் கோப்பைப் போட்டி எதிலும் அவர் தனியாக மேடை ஏறியதில்லை, மூன்றாம் இடம்கூட வாங்கியதில்லை. ஜெர்மனியின் லாரா டால்மையர் அதே ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட், பர்சூட் இரண்டு தங்கத்தையும் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார். எல்லாக் கண்ணும் அவர் மீதுதான்.

ஹன்னா 20 குண்டுகளில் 20ஐயும் இலக்கில் வைத்தார். நேரம் 41 நிமிடம் 7.2 நொடி. ஸ்லோவாக்கியாவின் அனஸ்தாசியா குஸ்மினா இரண்டு குண்டுகளைத் தவறவிட்டு 24.7 நொடி பின்னால் வெள்ளி. டால்மையர் ஒரு குண்டைத் தவறவிட்டு 41.2 நொடி பின்னால் வெண்கலம்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். குஸ்மினாவின் நேரத்தில் இரண்டு தண்டனை நிமிடங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அவர் ஹன்னாவைவிட 95 நொடி வேகம்! டால்மையரின் ஒரு நிமிடத்தை எடுத்தால் அவரும் கிட்டத்தட்ட 19 நொடி வேகம். மேடையில் நின்ற மூவரில் பனியில் மெதுவாகச் சறுக்கியவர் ஹன்னாதான். அவரைத் தங்கத்துக்குக் கொண்டுபோனது முழுக்க முழுக்கச் சுடுதளம்.

அப்படியென்றால் அது அதிர்ஷ்டம்தானே? மற்றவர்கள் தவறவிட்டதால் கிடைத்தது.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. மேலே சொன்ன கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோனால், கேட்பவர்களின் சந்தேகம் நியாயமாகத்தான் தோன்றும். அன்றைக்கு நிமிடத் தண்டனைக்குப் பதில் 25 நொடித் தண்டனைச் சுற்று இருந்திருந்தால் குஸ்மினா முக்கால் நிமிட வித்தியாசத்தில் ஹன்னாவை முந்தியிருப்பார்.

ஆனால் அங்கே இருந்தது நிமிடத் தண்டனை, அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. அந்த விதியின் கீழ் வேகமாகச் சறுக்கிக் களைத்து வந்து ஒன்றைத் தவறவிடுவது ஒரு முடிவு. கொஞ்சம் அடக்கிச் சறுக்கி, 20ஐயும் அடிப்பது இன்னொரு முடிவு. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது எளிது, செய்து முடிப்பது கஷ்டம். கடைசிச் சுடுதல் நின்றபடி. 15 அடித்தாகிவிட்டது, இன்னும் ஐந்து பாக்கி என்று தெரிந்துகொண்டே 22 வயதில் ஒலிம்பிக்கில் அந்த ஐந்தையும் வைப்பதை நான் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, அதே ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட், பர்சூட் இரண்டிலும் அவர் முதல் பத்துக்குள் வந்தார். ரிலேயில் கடைசி ஆளாகச் சறுக்கி வெள்ளியும் வாங்கினார். லின் பெர்சோன், மோனா ப்ரூர்சோன், அன்னா மாக்னுசோன் அவருடைய அணியினர். ஒரே ஒரு நாள் மட்டும் நன்றாக அமைந்தவருக்கு இப்படி நடக்காது.

சரி, அதற்குப் பிறகும் தனிநபர் போட்டியில் ஜெயித்தாரா?

ஜெயித்தார். அடுத்த வருடமே, 2019 மார்ச்சில், உலகச் சாம்பியன்ஷிப். நடந்த இடம் ஓஸ்டர்சுண்ட், தினமும் பயிற்சி எடுக்கும் அதே தடம். மறுபடி 20க்கு 20, மறுபடி தங்கம். இத்தாலியின் லீசா விட்டோட்சி வெள்ளி, பிரான்ஸின் ஜஸ்டின் ப்ரேசாஸ் வெண்கலம். சொந்த மண்ணில் போட்டியிடுவது உதவி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் முந்தைய வருடம் யாரும் எதிர்பார்க்காத பெண், இந்த வருடம் எல்லோரும் தங்கம் எதிர்பார்க்கும் பெண். அந்தச் சுமையோடு ஒரு குண்டுகூடத் தவறாமல் சுட்டதைத்தான் நான் பியோங்சாங்கைவிடப் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

2018 முதல் 2023 வரை ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் இரண்டையும் சேர்த்தால் ஆறு பெரிய தனிநபர் போட்டிகள் நடந்தன. நான்கில் ஹன்னா பதக்கம் வாங்கினார்: 2018, 2019, 2023இல் தங்கம், 2021இல் ஸ்லோவேனியாவின் பொக்ல்யூகாவில் செக் நாட்டின் மார்கேத்தா டேவிடோவாவுக்குப் பின்னால் வெள்ளி. அதிர்ஷ்டம் பற்றிய முந்தைய கேள்விக்கு இந்த வரிசையே என் முழுப் பதில்.

தனிநபர் போட்டி மட்டும்தான் அவருக்கு வருமா?

அப்படி ஒரு பேச்சு இருந்தது. 2020இல் இத்தாலியின் ஆண்ட்ஹோல்ஸில் மாஸ் ஸ்டார்ட்டில் வெண்கலம் வாங்கியபோதே அது கொஞ்சம் அடங்கியது. 2021இல் செபாஸ்டியன் சாமுவெல்சோனோடு சேர்ந்து இருவர் கலப்பு ரிலேயிலும் வெண்கலம். அந்தப் போட்டியில் சுற்றுகள் மிகச் சின்னவை, சுடுவதும் வேகமாகச் சுட வேண்டும். நிதானமானவர்களுக்கு ஏற்றதே இல்லை.

2023 அந்தப் பேச்சை முடித்துவைத்தது. அதற்கு அடுத்த கேள்வி.

2023 ஓபர்ஹோஃப்தான் அவருடைய உச்சமா?

ஒரே சாம்பியன்ஷிப் என்று பார்த்தால் ஆமாம். ஓபர்ஹோஃப் ஜெர்மனியின் துரிங்கியாவில் இருக்கிறது. மூடுபனிக்கும் காற்றுக்கும் பெயர்போன இடம். சரியாகச் சுடுபவர்களையே தடுமாற வைக்கும். அங்கே ஹன்னா முதலில் ஸ்பிரின்ட்டில் வெள்ளி வாங்கினார். தங்கம் உள்ளூர் நாயகி டெனிஸ் ஹெர்மன் விக்குக்கு, வெண்கலம் இன்னொரு சுவீடன்காரரான லின் பெர்சோனுக்கு. பிறகு தனிநபர் போட்டியில் ஹன்னா தங்கம், லின் பெர்சோன் வெள்ளி. ரிலேயில் சுவீடனுக்கு வெண்கலம்.

கடைசி நாள், பிப்ரவரி 19. மாஸ் ஸ்டார்ட். 30 பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிளம்பும் போட்டி, தவறினால் தண்டனைச் சுற்று, பக்கத்தில் சுடுபவரின் சத்தம் காதில் விழும். அதிலும் ஹன்னா தங்கம் வாங்கினார். நார்வேயின் இங்க்ரிட் தாண்ட்ரெவோல்ட் இரண்டாவது, பிரான்ஸின் ஜூலியா சிமோன் மூன்றாவது. அதே நாள் ஆண்கள் மாஸ் ஸ்டார்ட்டிலும் சாமுவெல்சோன் ஜெயித்தார். தனியாகக் கடிகாரத்தோடு ஓடும் போட்டியிலும், கூட்டத்தோடு முட்டி மோதும் போட்டியிலும் ஒரே வாரத்தில் உலகச் சாம்பியன் ஆவதற்கு இரண்டு விதமான மனநிலை வேண்டும். ஐந்து வருடத்தில் அவர் எவ்வளவு முழுமையான வீராங்கனையாக மாறியிருக்கிறார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ரிலேயில் ஒவ்வொருவருக்கும் எட்டுக் குண்டு தருகிறார்களாமே?

ஆமாம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஐந்து இலக்குக்கு ஐந்து குண்டு, தவிர மூன்று உபரிக் குண்டு. உபரியை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் போட வேண்டும், அதில் நேரம் போகும். எட்டும் தீர்ந்து இன்னும் இலக்கு பாக்கி இருந்தால்தான் தண்டனைச் சுற்று.

2022 பெய்ஜிங்கில் லின் பெர்சோன், மோனா ப்ரூர்சோன், ஹன்னா, எல்விரா என்ற வரிசையில் சுவீடன் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணி வெள்ளி, ஜெர்மனி வெண்கலம். மூன்றாவது ஆளான ஹன்னா, கடைசி ஆளான தன் தங்கையைத் தொட்டு அனுப்பினார். ரிலேயில் கைமாற்றுக் கோல் கிடையாது, உடம்பைத் தொட்டால் போதும்.

அக்கா தங்கையில் யார் பெரிய ஆள்?

எல்விரா 1999 பிப்ரவரியில் பிறந்தவர், மூன்று வருடத்துக்கு மேல் இளையவர். பனியில் வேகம் அவருக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். 2022 பெய்ஜிங்கில் ஸ்பிரின்ட், பர்சூட் இரண்டிலும் வெள்ளி வாங்கினார், இரண்டிலும் அவருக்கு முன்னால் நார்வேயின் மார்த்தே ரோய்ஸ்லாண்ட். 2025இல் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடில் மாஸ் ஸ்டார்ட் உலகச் சாம்பியன் ஆனார்.

ரிலே தவிர்த்து, தனியாக வாங்கிய தங்கங்களை எண்ணினால் இன்றைக்கு அக்காதான் முன்னால். பத்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் மாறலாம். ஒரே வீட்டிலிருந்து ஒரே ரிலே அணிக்கு வந்த இருவரைத் தராசில் வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. இருவரும் சறுக்கும் விதமும் சுடும் விதமும் வேறு வேறு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டையும் இன்னும் ரசிக்க முடியும்.

இத்தனை தங்கம் வாங்கியவர் உலகக் கோப்பையை ஏன் ஒரு தடவைகூட வெல்லவில்லை?

இங்கே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் வேறு, உலகக் கோப்பை வேறு. சாம்பியன்ஷிப் என்பது ஒரே ஊரில் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். உலகக் கோப்பை நவம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை ஊர் ஊராக நடக்கும். ஒவ்வொரு போட்டியிலும் வாங்கும் புள்ளிகளைக் கூட்டி, பருவத்தின் கடைசியில் முன்னால் நிற்பவருக்குப் பெரிய கண்ணாடி உருண்டைக் கோப்பை. முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் எண்பட்டை அணிந்து வருவார்.

அந்தப் புள்ளிக் கணக்கில் ஸ்பிரின்ட்டும் பர்சூட்டும்தான் அதிகம் வரும். தனிநபர் போட்டி ஒரு பருவத்தில் மிகக் குறைவு. தவறிய குண்டுக்கு 25 நொடி மட்டுமே போகும் போட்டிகள் நிறைந்த பட்டியல், வேகமாகச் சறுக்குபவருக்குச் சாதகம். மேலே குஸ்மினா கணக்கில் பார்த்தது இங்கே பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதோடு நான்கு மாதம் காய்ச்சல், சளி எதுவும் வராமல், ஒரு வாரம்கூடத் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

ஹன்னாவின் பலம் வேறு இடத்தில். பெரிய நாளில், ஒரு குண்டுக்கு விலை அதிகமாக இருக்கும்போது, அவர் கை உறுதியாக நிற்கிறது. இதைக் குறையாகப் பேசுபவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மக்டலேனா ஃபோர்ஸ்பெர்க்தானே சுவீடனின் மிகச் சிறந்தவர்? ஹன்னாவை எப்படி ஒப்பிடுவது?

ஃபோர்ஸ்பெர்க்கின் கதை ஹன்னாவின் கதைக்கு நேர் எதிர். நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் இருந்தவர் அவர். 1987 உலகச் சாம்பியன்ஷிப் ரிலேயில் வெண்கலம்கூட வாங்கியிருக்கிறார். பிறகுதான் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். 1996-97 முதல் 2001-02 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் உலகக் கோப்பை அவருடையதுதான். தனியாக 42 உலகக் கோப்பை வெற்றிகள். ஆனால் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது 2002 சால்ட் லேக் சிட்டியில் இரண்டு வெண்கலம் மட்டுமே, அதோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆக, ஒருவரிடம் ஆறு உலகக் கோப்பை இருக்கிறது, ஒலிம்பிக் தங்கம் இல்லை. இன்னொருவரிடம் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, உலகக் கோப்பை இல்லை. பருவம் முழுவதையும் ஆளும் திறமை என்று கேட்டால் ஃபோர்ஸ்பெர்க், சந்தேகமே வேண்டாம். ஒரே நாளில், ஒரே வாய்ப்பில் என்று கேட்டால் நான் ஹன்னாவைத்தான் அனுப்புவேன். நடுவில் ஹெலனா எக்ஹோல்மை மறந்துவிடக் கூடாது. 2008-09இல் உலகக் கோப்பை வென்ற சுவீடன்காரர் அவர். ஒலிம்பிக் தங்கம் என்று பார்த்தால் 2006 தூரின் மாஸ் ஸ்டார்ட்டில் வென்ற அன்னா காரின் ஓலோஃப்சோனும் ஹன்னாவுக்கு முன்னோடி.

சுவீடன் ஒரு கோடிப் பேர் உள்ள நாடு. அங்கே மட்டும் எப்படி இத்தனை பேர்?

பனி இருக்கிறது என்பது பாதிப் பதில்தான்; பனி கனடாவிலும் இருக்கிறது. ஓஸ்டர்சுண்டில் தேசிய அணி ஒன்றாகத் தங்கிப் பயிற்சி எடுக்கிறது, உலகச் சாம்பியன்ஷிப்பே 1970, 2008, 2019 என்று மூன்று தடவை அங்கே நடந்திருக்கிறது. பள்ளிப் படிப்போடு பயத்லான் பயிற்சியும் தரும் மேல்நிலைப் பள்ளிகள் சொலெஃப்டியோ போன்ற ஊர்களில் இருக்கின்றன.

பயிற்சியாளர் ஒருவரையும் சொல்ல வேண்டும்: வொல்ஃப்காங் பிக்லர். ஜெர்மனியின் ரூபோல்டிங்கைச் சேர்ந்தவர். 1990களின் நடுவில் சுவீடனுக்கு வந்து ஃபோர்ஸ்பெர்க்கை உருவாக்கினார். இடையில் ரஷ்யாவுக்குப் போய்விட்டு, 2015இல் திரும்பி வந்து ஹன்னாவின் தலைமுறையைக் கையில் எடுத்தார். 2018 தங்கம் அவர் காலத்தில்தான் வந்தது. 2019இல் அவர் விலகியதும் இன்னொரு ஜெர்மானியரான யோஹன்னஸ் லூகாஸ் பொறுப்பேற்றார். தேவையான ஆள் வெளிநாட்டில் இருந்தால் அழைத்துவருவதில் சுவீடன் தயங்கியதே இல்லை.

நல்லாச் சுட்டு ஜெயிப்பது சுவீடனுக்குப் புதுசா?

புதுசே இல்லை. ஒலிம்பிக் பயத்லானின் முதல் தங்கமே இப்படித்தான் வந்தது. 1960, கலிஃபோர்னியாவின் ஸ்க்வா வேலி. சுவீடனின் ஆர்யெப்லோகைச் சேர்ந்த தச்சர் கிளாஸ் லெஸ்டாண்டர் 20க்கு 20 சுட்டு ஜெயித்தார். அப்போது ஒரு குண்டு தவறினால் இரண்டு நிமிடம் தண்டனை. பனியில் மிக வேகமாக வந்தவர் பிரான்ஸின் விக்டர் ஆர்பெஸ். அவர் 20இல் 18ஐத் தவறவிட்டார். சறுக்கல் நேரத்தை மட்டும் பார்த்தால் லெஸ்டாண்டருக்குப் பதினைந்தாவது இடம்தான்.

58 வருடம் கழித்து அதே தனிநபர் போட்டியில், அதே 20க்கு 20இல், ஹன்னா. லெஸ்டாண்டர் அப்போது உயிரோடு இருந்தார், 2023இல்தான் காலமானார். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பயத்லான் வந்ததே 1992இல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அவர் போட்டியை முதல் தடவை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தனிநபர் போட்டியாக இருந்தால் முதல் சுற்றில் அவர் பத்தாவது, பதினைந்தாவது இடத்தில் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அரை நிமிட இடைவெளியில் கிளம்புவதால், திரையில் முன்னால் தெரிபவர் முன்னிலையில் இருப்பவர் என்று அர்த்தம் இல்லை. நேரப் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

சுடுதளத்துக்குள் அவர் வந்ததும் இலக்குகளைவிட அவருடைய தோளைப் பாருங்கள். முதல் குண்டுக்கு முன் மூச்சு இறங்கும் வரை எவ்வளவு நேரம் எடுக்கிறார், பிறகு ஐந்து குண்டுக்கும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். நான்காவது குண்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இடைவெளி கூடினால் ஏதோ சரியில்லை, அநேகமாகக் காற்று. கறுப்பு வட்டங்கள் ஐந்தும் வெள்ளையாக மாறினால் அந்தச் சுற்று சுத்தம். நான்காவது சுடுதலும் சுத்தமாக முடிந்துவிட்டால், அவருக்குப் பின்னால் கிளம்பியவர்கள் வந்து சேரும் வரை எழுந்து போகாதீர்கள். குஸ்மினா மாதிரி வேகக்காரர் யாராவது ஒருவர் எப்போதும் பாக்கி இருப்பார்.